அட்சரகணிதமும் நம் பிள்ளைகளும்



கணிதத்தைப் பற்றிப் பேசவந்திருக்கும் நான் கணிதப் பட்டதாரி அல்லேன். தமிழும் வரலாறும் கற்றுக் கலைப்பட்டம் பெற்றவன். அரசாங்கப் பாடசாலையொன்றின் அதிபர். ஆயினும் ஒரு தவணை முழுவதும் 9ஆம் தரத்து மாணாக்கருக்கு அட்சரகணிதம் கற்பிக்கவேண்டிய நிலை எனக்கு நேர்ந்தது. எங்கள் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றுவிட்டார். வேறொருவர் வந்துசேரும்வரை அந்த வகுப்பை வெறுமையாக விட்டுவைக்க மனம் இடந்தரவில்லை. புத்தகத்தை இரவிலே படித்து மறுநாட் காலையிற் கற்பிக்கும் ஆசிரியன் ஆனேன். அந்தத் தவணையில் மாணாக்கர் என்னிடம் எவ்வளவு கற்றனரோ அறியேன். நான் அவர்களிடம் கற்றதைச் சொல்வதற்கே இன்று வந்திருக்கிறேன்.

வானொலியிற் கணிதம் பேசுவதிலே ஓர் இடர்ப்பாடு உண்டு. இங்கே கரும்பலகையும் இல்லை; வெண்கட்டியும் இல்லை. ஆகவே அருகில் ஒரு தாளும் பென்சிலும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். நான் ‘சக’ என்னும்போது கூட்டற்குறியையும் ‘சய’ என்னும்போது கழித்தற்குறியையும் இடுங்கள். இவ்விரு சொற்களையும் பாடசாலைகளில் நாள்தோறும் சொல்லுகிறோம், பொருளை நினைப்பதில்லை. ‘சக’ என்பதற்கு ‘உடன்’ என்று பொருள். ‘சய’ என்பது க்ஷயம் என்ற வடசொல்லின் வழிவந்தது. தேய்வு என்பது அதன் பொருள். 628ஆம் ஆண்டில் நூல் செய்த பிரமகுப்தர் நேர் எண்ணைச் செல்வம் என்றும் மறை எண்ணைக் கடன் என்றும் பெயரிட்டு, அவற்றைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் வகுத்தார். அந்தக் கடனைப் பற்றிச் சற்றுப் பின்னர்ப் பேசவேண்டியிருக்கும்.

அட்சரகணிதத்திலே பிள்ளைகள் முதலில் இடறும் இடம் எதுவென்று கேட்டால், சமன்பாடு என்று பலர் சொல்லுவர். நான் கண்டது வேறு. சமன்பாட்டுக்கு வருமுன்னரே, கோவைகளைக் கூட்டுதல், கழித்தல், பெருக்குதல் என்னும் மூன்று செய்கைகளிலே பலர் பின்தங்கிவிடுகின்றனர். 3 எக்ஸ் வர்க்கம் சக 4 எக்ஸ் சக 2. இதைப் போன்ற பல்லுறுப்புக் கோவையைக் கண்டதும் அவர்களுக்கு ஒருவகை அச்சம் உண்டாகின்றது. 9ஆம் தரத்தில் ஈருறுப்புக் கோவைகள் இரண்டைப் பெருக்க அறியாத பிள்ளையிடம், 10ஆம் தரத்தில் அக்கோவையின் வர்க்கத்தை விரிக்குமாறும், 11ஆம் தரத்திற் கனத்தை விரிக்குமாறும் கேட்கிறோம். அப்பிள்ளை ஒன்றில் நெட்டுருச் செய்யும், அன்றேற் கைவிடும். சாதாரண தரப் பரீட்சையிலே கணிதம் கட்டாய பாடமாதலின், கைவிட்ட பிள்ளையின் நிலை என்னாகும் என்பதை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை. “எங்கள் குடும்பத்துக்கே கணக்கு ஓடாது” என்று பெற்றார் சொல்லும் சொல் பெரும்பாலும் இந்த இடத்திலேதான் பிறக்கிறது. அதன்பின் மாலைதோறும் தனியார் வகுப்பு. அங்கும் அதே விதிகள், இன்னும் சற்று விரைவாக.

நானும் அவ்விதமே தொடங்கினேன். நிகர்த்த உறுப்புகளை மாத்திரமே கூட்டலாம் என்பது விதி. 3 எக்ஸும் 2 எக்ஸும் சேர்ந்து 5 எக்ஸ் ஆகும். 3 எக்ஸும் 2 எக்ஸ் வர்க்கமும் சேரா. ஏன் சேரா? புத்தகத்தில் விடை காணாத ஆசிரியர் பலரும் சொல்லும் விடையை நானும் சொன்னேன். “3 மாம்பழத்தையும் 2 தோடம்பழத்தையும் சேர்த்தால் 5 மாம்பழம் ஆகுமா? ஆகாது. எக்ஸ் என்பது மாம்பழம். எக்ஸ் வர்க்கம் என்பது தோடம்பழம்.” வகுப்பு தலையாட்டியது. எனக்கும் மகிழ்ச்சியாக இருந்தது.

அடுத்த கிழமை பெருக்கலுக்கு வந்தோம். எக்ஸை எக்ஸாற் பெருக்கினால் எக்ஸ் வர்க்கம் என்று கரும்பலகையில் எழுதினேன். பின்வாங்கிலே இருந்த ஒரு மாணவன் எழுந்து நின்றான். பரீட்சையில் நல்ல புள்ளி வாங்குபவன் அல்லன்.

“சேர், மாம்பழத்தை மாம்பழத்தாலே பெருக்கினால் எப்படித் தோடம்பழம் வரும்?”

வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. அவன் குறும்புக்குக் கேட்டானல்லன். நான் சொன்னதை நம்பி, அதைக் கொண்டே அடுத்த படிக்கு ஏற முயன்றவன் அவன் ஒருவனே. ஏணி முறிந்தது என் பிழை. “நாளைக்குச் சொல்லுகிறேன், இரு தம்பி” என்றேன். அந்த நாளைக்கு ஒரு வாரமாயிற்று.

எக்ஸ் ஒரு பழமன்று, ஒரு பொருளுமன்று. அஃது ஓர் எண். என்ன எண் என்று இன்னும் சொல்லப்படாத எண். இதை மறைத்துவிட்டுப் பழக்கூடையைக் காட்டினால், கூட்டலிற் பிழைக்கலாம், பெருக்கலில் அகப்பட்டுக்கொள்வோம். ஆயின் எண் என்று சொல்லிவிட்டால் மட்டும் அந்தப் பையனுடைய கேள்விக்கு விடை கிடைத்துவிடுமா? இரண்டும் எண்களாயின், 3 எக்ஸையும் 2 எக்ஸ் வர்க்கத்தையும் ஏன் கூட்டி ஒன்றாக்க முடியாது என்று அவன் திரும்பவும் கேட்பான்.

எனக்கு விடை கிடைத்தது கணிதப் புத்தகத்திலன்று; நான் கற்ற தமிழிலே. பழைய ஏட்டுச் சுவடிகளைப் புரட்டியவர்கள் தமிழ் எண்களைக் கண்டிருப்பர். பத்துக்கு ஒரு குறி, நூறுக்கு ஒரு குறி, ஆயிரத்துக்கு ஒரு குறி என அவற்றில் உண்டு. 342 என்பதைப் பழைய முறையில் எழுதினால் ௩௱௪௰௨ என்று வரும். அதாவது மூன்று, நூறு, நான்கு, பத்து, இரண்டு. பூச்சியத்தின் துணை வேண்டாத எழுத்துமுறை அது. அதை ஓர் இரவில் என் கொப்பியில் எழுதிப் பார்த்தபோது, அதன் கீழே பாடப்புத்தகத்துக் கோவை இருந்தது: 3 எக்ஸ் வர்க்கம் சக 4 எக்ஸ் சக 2. நூற்றுக்குறி இருந்த இடத்தில் எக்ஸ் வர்க்கம். பத்தின் குறி இருந்த இடத்தில் எக்ஸ். வேறு வித்தியாசம் ஒன்றுமில்லை.

இன்னும் ஒன்று கண்டேன். ஒரு பத்தை எழுதும்போது நம் முன்னோர் ஒன்று என்ற குறியை முன்னே இடுவதில்லை. பத்தின் குறியை மாத்திரம் இடுவர். 1 எக்ஸ் என்று எழுதாமல் எக்ஸ் என்று நாம் எழுதுவதும் அதுபோன்றதே. குணகம் 1 ஆயின் எழுதவேண்டுவதில்லை என்று எத்தனை முறை சொன்னாலும் பிள்ளைகள் எக்ஸின் முன்னே பூச்சியம் இருப்பதாக எண்ணிக்கொள்வதை ஆசிரியர் அறிவர். பத்து என்றால் எத்தனை பத்து என்று அவர்களைக் கேட்டுப்பாருங்கள். ஒரு பத்து என்பார்கள். குழப்பம் அதனோடு தீரும்.

எழுத்தை விட்டுப் பேச்சுக்கு வந்தாலும் இதுவே உண்மை. நாற்பது என்பது நான்கு பத்து. முந்நூறு என்பது மூன்று நூறு. தொண்ணூறும் தொள்ளாயிரமும் இந்த ஒழுங்குக்கு அடங்காமல் நிற்கும். அதற்கு இலக்கணகாரர் வேறு விளக்கம் வைத்திருக்கின்றனர். மற்றப்படி, தமிழ்ப்பிள்ளை எண்ணத் தொடங்கிய நாள்முதல் பல்லுறுப்புக் கோவைகளையே சொல்லிவருகின்றது. நாம் அதை அதற்குச் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இனிக் கூட்டலைப் பாருங்கள். 273ஐயும் 154ஐயும் கூட்டுவதை எந்தப் பிள்ளையும் அறியும். ஒன்றுகளின்கீழ் ஒன்றுகள், பத்துகளின்கீழ்ப் பத்துகள், நூறுகளின்கீழ் நூறுகள். பத்தை நூறோடு கூட்டாதே என்று யாரும் அதற்கு விதி சொல்லித் தரவேண்டியதில்லை. இப்பொழுது அதே எண்களைக் கோவையாக எழுதுங்கள். 2 எக்ஸ் வர்க்கம் சக 7 எக்ஸ் சக 3. அதன்கீழே 1 எக்ஸ் வர்க்கம் சக 5 எக்ஸ் சக 4. நிரல் நிரலாகக் கூட்டினால் 3 எக்ஸ் வர்க்கம் சக 12 எக்ஸ் சக 7. எண்ணிலே கூட்டும்போது 7 பத்தும் 5 பத்தும் 12 பத்தாகும். அதில் 10 பத்தை ஒரு நூறாக்கி அடுத்த நிரலுக்குக் கொண்டுபோவோம். கோவையிலே அவ்வாறு கொண்டுபோக இயலாது. ஏன்? பத்துப் பத்து நூறு என்பதை அறிவோம். எத்தனை எக்ஸ் சேர்ந்தால் ஓர் எக்ஸ் வர்க்கம் ஆகும் என்பதை அறியோம். எக்ஸ் இன்னதென்று தெரிந்தாலன்றோ அதை அறியலாம்? ஆகவே 12 எக்ஸ் 12 எக்ஸாகவே நிற்கும்.

நிகராத உறுப்புகள் சேராமைக்குக் காரணம் இதுவே. அவை சேரக்கூடாதவை அல்ல; மாற்றும் விலை நமக்கு இன்னும் தெரியாது. இதைச் சொன்னபோது அந்தப் பையனுடைய முகத்தைப் பார்த்தேன். அவன் ஒன்றும் பேசாமல் எழுதிக்கொண்டிருந்தான். கோவைகளைக் கூட்டுவது எண்களைக் கூட்டுவதிலும் எளிது. கொண்டுபோகும் தொல்லை இல்லை என்று முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை சொன்னது. அட்சரகணிதம் எளிது என்று ஒரு மாணாக்கர் சொல்ல அன்றுதான் முதன்முறை கேட்டேன். விடை சரிதானா என்று பார்க்க எக்ஸுக்குப் பதிலாக 10 இடுங்கள். 300, 120, 7. கூட்டினால் 427. 273 சக 154உம் 427.

கழித்தலுக்கு வருவோம். இங்கே துன்பம் அடைப்பினால் வருகிறது. அடைப்பின் முன்னே சயக்குறி இருந்தால் உள்ளே இருக்கும் குறிகள் யாவும் மாறும் என்பது விதி. பிள்ளைகள் முதலாவது குறியை மாத்திரம் மாற்றிவிட்டு மற்றவற்றை மறந்துவிடுவர். நூறு முறை சிவப்பு மையால் வட்டமிட்டாலும் மறுநாளும் மறப்பர். விதியின் காரணம் அவர்களுக்குத் தெரியாது. காரணம் தெரியாத விதி களைத்த நேரத்தில் கைவிட்டுப் போகும்.

நான் கடைக்கணக்கைச் சொன்னேன். உன் கையிலே 5000 ரூபா இருக்கிறது. கடையிற் பற்றுச்சீட்டு 3000 ரூபா. கடைக்காரர் 200 ரூபா கழிவு தருகின்றார். மிச்சம் எவ்வளவு? வகுப்பு முழுவதும் ஒரே குரலில் 2200 என்றது. இனிக் கரும்பலகையில், 5000 சய, அடைப்புக்குள் 3000 சய 200 என்று எழுதினேன். முதற்குறியை மாத்திரம் மாற்றுகிற பிள்ளை இதை 5000 சய 3000 சய 200 என்று எழுதும். 1800 என்று விடை வரும். “கழிவு தந்த கடைக்காரருக்கு நீ மேலும் 200 ரூபா கொடுத்துவிட்டு வந்திருக்கிறாய்” என்றேன். இழப்பு 400 ரூபா, கழிவின் இருமடங்கு. காசுக்கணக்கில் ஒருவரும் அந்தப் பிழையை விடார். பிரமகுப்தர் கடன் என்று பெயரிட்டது வீண்போகவில்லை. கடனைக் குறைத்தால் கைப்பொருள் கூடும். பின்னர் 5 எக்ஸ் சய, அடைப்புக்குள் 2 எக்ஸ் சய 3 என்பதை எழுதினேன். 3 எக்ஸ் சக 3 என்று பலர் சரியாகச் சொன்னார்கள். எல்லாரும் சொல்லவில்லை, அதையும் ஒப்புக்கொள்ளவேண்டும்.

கழித்தலில் இன்னொரு விந்தையும் உண்டு. 538இலிருந்து 271ஐக் கழிக்கையில் 3 பத்திலிருந்து 7 பத்துப் போகாது. நூறிலிருந்து கடன் வாங்குகிறோம். கோவையிலே வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். 3 எக்ஸ் சய 7 எக்ஸ், சய 4 எக்ஸ் என்று எழுதிவிட்டு அப்பாற் போகலாம். விடை 3 எக்ஸ் வர்க்கம் சய 4 எக்ஸ் சக 7. எக்ஸுக்கு 10 இட்டால் 300 சய 40 சக 7, அதாவது 267. பழைய முறையிலும் 267. இதைக் கண்டபின் என் மாணாக்கர் சிலர் சாதாரண எண்களையே இவ்விதம் கழிக்கத் தொடங்கினர். கீழ்வகுப்பு ஆசிரியை ஒருவர் என்னிடம் வந்து முறையிட்டார். இவர்களைப் பார்த்துத் தம்பி தங்கைமாரும் அப்படிச் செய்கிறார்களாம்.

பெருக்கலில்தான் மாம்பழக் கேள்விக்கு விடை இருக்கிறது. பத்தைப் பத்தாற் பெருக்கினால் நூறு. பத்தை நூறாற் பெருக்கினால் ஆயிரம். எக்ஸை எக்ஸாற் பெருக்கினால் எக்ஸ் வர்க்கம். எக்ஸை எக்ஸ் வர்க்கத்தாற் பெருக்கினால் எக்ஸ் கனம். சுட்டிகளைக் கூட்டுக என்ற விதி இதுவன்றி வேறில்லை. எண்ணை எண்ணாற் பெருக்கலாம். பழத்தைப் பழத்தாற் பெருக்க முடியாது. ஒரு வாரத்துக்குப் பின் வகுப்பு முன்னிலையில், “அன்று நான் சொன்ன மாம்பழம் பிழை, நீ கேட்டது சரி” என்று அந்த மாணவனிடம் சொன்னேன். அதிபர் பிழை ஒப்புக்கொள்வதை அந்த வகுப்பு எதிர்பார்க்கவில்லைப்போலும். சற்றுநேரம் அமைதியாக இருந்தது.

2 எக்ஸ் சக 3 என்பதை எக்ஸ் சக 4 என்பதாற் பெருக்குக. எக்ஸுக்கு 10 இட்டால் இது 23ஐ 14ஆற் பெருக்குவதாகும். 20ஐ 10ஆல், 20ஐ 4ஆல், 3ஐ 10ஆல், 3ஐ 4ஆல் என நான்கு பெருக்கல்கள். 200, 80, 30, 12, கூடினால் 322. கோவையிலும் நான்கு பெருக்கல்களே: 2 எக்ஸ் வர்க்கம், 8 எக்ஸ், 3 எக்ஸ், 12. நடுவில் உள்ள இரண்டும் நிகர்த்தவையாதலால் 2 எக்ஸ் வர்க்கம் சக 11 எக்ஸ் சக 12.

இது புதிய உபாயம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். பின்னர் அறிந்தேன், 9ஆம் நூற்றாண்டிலே பக்தாத்தில் இருந்த அல்-குவாரிஸ்மி இதையே செய்திருக்கிறார். அல்ஜிப்ரா என்ற பெயர் அவருடைய நூலின் பெயரிலிருந்தே வந்தது. பெருக்கலை விளக்கப் புகும்போது அவர் தெரியாக் கணியத்தை உடனே கொண்டுவரவில்லை. பத்தும் ஒன்றும் சேர்ந்ததைப் பத்தும் இரண்டும் சேர்ந்ததாற் பெருக்கி, 132 என்று காட்டுகிறார். பத்தில் ஒன்று குறைந்ததை அதனாலேயே பெருக்கி 81 என்று காட்டுகிறார். அதன்பிறகே, ஒன்று இருந்த இடத்தில் ‘பொருள்’ என்று அவர் அழைக்கும் தெரியாக் கணியத்தை வைக்கிறார். அவர் நூலிலே குறிகள் கிடையா, எல்லாம் சொற்களே. எக்ஸ் என்ற எழுத்து பிரான்சிய அறிஞர் தெக்காட்டு 1637இல் வெளியிட்ட நூலின் பின்னரே வழக்கில் நிலைத்தது. கரும்பலகை இல்லாமல் வானொலியிற் பேசும் நான் அல்-குவாரிஸ்மியின் நிலையில் இருக்கிறேன் என்று சொல்லிக்கொண்டால் நேயர்கள் பொறுத்தருள்வீர்களாக.

பெருக்கலில் மிகப் பழைய பிழை ஒன்று உண்டு. எக்ஸ் சக 3, அதன் வர்க்கம் யாது என்றால், எக்ஸ் வர்க்கம் சக 9 என்று எழுதுவது. கெட்டிக்கார மாணாக்கரும் இதில் அகப்படுவர். இதற்கு நான் தோட்டக்காணியைத் துணைகொண்டேன். தாளிலே ஒரு சதுரம் வரையுங்கள். அதன் பக்கம் எக்ஸ் மீற்றர், உள்ளே வெங்காயம். வலப்பக்கம் 3 மீற்றரும் கீழ்ப்பக்கம் 3 மீற்றரும் கூட்டித் தோட்டத்தைப் பெருப்பியுங்கள். பெரிய சதுரத்தினுள்ளே நான்கு துண்டுகள் தெரியும். பழைய சதுரம் எக்ஸ் வர்க்கம். மூலையிலுள்ள சிறு சதுரம் 9. வலத்தே ஒரு நீண்ட பாத்தி, கீழே ஒரு நீண்ட பாத்தி, ஒவ்வொன்றும் 3 எக்ஸ். ஆகவே எக்ஸ் வர்க்கம் சக 6 எக்ஸ் சக 9. எக்ஸ் 10 ஆயின் 169 சதுர மீற்றர். பிழையாக எழுதியவருக்கு 109 மாத்திரமே கிடைக்கும்.

மாம்பழக் கேள்வி கேட்டவனின் தந்தையார் தோட்டஞ் செய்பவர். படத்தை உற்றுப்பார்த்துவிட்டு அவன் சொன்னான்: “சேர், பிழை விட்டவனுக்கு இரண்டு பாத்தி காணாமல் போச்சுது.” அதிலும் சிறந்த விளக்கத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை.

எக்ஸுக்கு 10 இட்டுச் சரிபார்க்கும் வழக்கம் வகுப்பிலே நன்கு பரவிய பின்னர் அதற்கும் ஒரு கேடு வந்தது. ஒரு மாணவி 10 எக்ஸ் என்று வரவேண்டிய இடத்தில் எக்ஸ் வர்க்கம் என்று எழுதிவிட்டு, “பத்து இட்டுப் பார்த்தேன், சேர், சரியாக வருகிறது” என்றாள். உண்மையே; எக்ஸ் 10 ஆயின் இரண்டும் 100. பிழை பத்தின் பின்னே ஒளிந்துகொண்டது. “சரி பிள்ளை, இப்போது 2 இட்டுப் பார்” என்றேன். 20உம் 4உம் வந்தன. ஆகவே பத்தோடு நில்லாமல் வேறு எண்களையும் இட்டுப் பார்க்கச் சொன்னேன். 1ஐ இடுவது மிக விரைவானது. குணகங்களைக் கூட்டினாற் போதும். முன்சொன்ன பெருக்கலிலே 2 சக 3 ஐந்து, 1 சக 4 ஐந்து, ஐயைந்து 25. விடையில் 2, 11, 12 மூன்றும் சேர்ந்து 25. கோவைகள் எக்ஸ் வர்க்கத்துக்கு மேற்படாதனவாயின், மூன்று வெவ்வேறு எண்களுக்கு ஒத்துவந்துவிட்டால் அவை ஒன்றே என்று ஐயமின்றிக் கொள்ளலாம். அதன் நிறுவலை மேல்வகுப்பிற் கற்கலாம்; பயன்படுத்த 9ஆம் தரத்துக்கும் உரிமை உண்டு.

தவணை முடிவில் புதிய கணித ஆசிரியர் வந்தார். நான் அலுவலக மேசைக்குத் திரும்பினேன். பரீட்சையில் எல்லாரும் சித்தியடைந்தனர் என்று சொல்லிக் கதையை முடிக்க ஆசைதான். அப்படி நடக்கவில்லை. ஆனால், விடைத்தாள்களைத் திருத்திய புதிய ஆசிரியர் என்னிடம் ஒன்று கேட்டார். “இந்தப் பிள்ளைகள் ஏன் ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் ஏதோ எண்ணைப் போட்டுப் பார்த்து, சிலவற்றைத் தாமே வெட்டித் திருத்தியிருக்கிறார்கள்?” பின்வாங்கு மாணவனின் தாளை வாங்கிப் பார்த்தேன். அவன் ஐந்து இடங்களில் வெட்டியிருந்தான். நான்கு இடங்களில் வெட்டிய பின்னர் எழுதியது சரி.

விடைபெறுமுன் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்கு ஒரு கணக்கு. எக்ஸ் சக 3 என்பதை எக்ஸ் சய 3 என்பதாற் பெருக்குங்கள். பின்னர் 13ஐ 7ஆற் பெருக்கிச் சரிபாருங்கள். இம்முறை இரண்டு பாத்திகளும் உண்மையாகவே காணாமற்போகும். எவ்வாறு போயின என்பதைத் தோட்டத்தின் படத்தை வரைந்து பெற்றாருக்குக் காட்டுங்கள். பெற்றாரும் பென்சிலைக் கீழே வைக்கவேண்டாம்.